ஓடையோரப் பாதுகாப்புப் பட்டை: "எதையும் தொடாதே" என்று எழுதினால் போதுமா?

கேள்வி:
வயல் மண்ணும் உரமும் ஓடையில் கலக்காமல் தடுக்க, ஓடையின் இரு கரையிலும் 30 மீட்டர் அகலத்துக்கு நிலத்தைப் பாதுகாப்புப் பட்டையாக நிரந்தரமாக ஒதுக்கி ஒப்பந்தம் ஆகிவிட்டது. மேட்டுப்பக்கம் உழவு நிலம். பராமரிப்பு விதி எழுதுவது என் பொறுப்பு. உழக்கூடாது, கொட்டக்கூடாது, மாடு விடக்கூடாது என்பதெல்லாம் எழுதியாயிற்று. புல் வெட்டலாமா, விழுந்த மரத்தை எடுக்கலாமா, களைக்கொல்லி அடிக்கலாமா என்பதில்தான் குழப்பம். அகலத்தை எங்கிருந்து அளப்பது?

பதில் 1:
அளவை முதலில் பார்ப்போம். தண்ணீர் விளிம்பிலிருந்து அளக்காதீங்க. அது மழைக்கு ஓரிடம், கோடைக்கு ஓரிடம். கரையின் மேல்விளிம்பில், வெள்ளம் கரை தாண்டத் தொடங்கும் மட்டத்தில் நாடாவைப் பிடிங்க. ஓடை கரையை அரித்து நகர்ந்தால் எல்லையும் நகருமா, நட்ட கல்லோடு நிற்குமா என்பதையும் எழுதிடுங்க. பிற்பாடு தகராறு வருவது இதில்தான்.

30 மீட்டருக்கும் ஒரே விதி சரிப்படாது. கரையை ஒட்டிய 5 மீட்டரில் மரமும் புதரும் அப்படியே இருக்கட்டும். அடுத்த 18 மீட்டரில் மரங்கள். நெருக்கமானதை மட்டும் கழிக்கலாம். வயலோரம் மிச்சமுள்ள 7 மீட்டர் அடர்ந்த புல். வெட்ட வேண்டியது அந்தப் புல்லை மட்டும்: 15 செ.மீ. அடித்தாள் விட்டு, பறவைகள் கூடு கட்டும் பருவம் கழிந்து. வெட்டியதை வெளியே எடுத்துடுங்க. வயலிலிருந்து வந்த பாஸ்பரஸ் என்ற உரச்சத்து புல்லில் ஏறியிருக்கும். அங்கேயே மட்கவிட்டால் திரும்ப மண்ணுக்கே போகும்.

பதில் 2:
அகலம் தாராளமாக இருந்தும் பட்டை வேலை செய்யாமல் போகும், தண்ணீர் ஒரே இடத்தில் புகுந்தால். வயல் நீர் பரவலாக வந்தால்தான் புல் வண்டலைப் பிடிக்கும். பிடித்த வண்டலும் கலப்பை தள்ளும் மண்ணும் சேர்ந்து வயலோரம் வரப்பு மாதிரி ஏறிக்கொண்டே வரும். நீர் அதை ஒட்டியே ஓடி, தாழ்ந்த இடத்தில் உடைத்துக்கொண்டு நேரே ஓடையில் விழும். பிறகு 30 மீட்டர் இருந்தும் இல்லாத மாதிரிதான். கனமழை விட்டதும் நடந்து பாருங்கள். புல் ஒரே பக்கம் படுத்து, வேரடியில் மண் கழுவிப்போய்ச் சரளை தெரிந்தால் அங்கே உடைப்பு.

வண்டல் 15 செ.மீ. ஏறுமுன் வழித்து வயலிலேயே பரப்பி, வழித்த இடத்தில் உடனே புல் விதைக்க வேண்டும். இதற்கான அனுமதி விதியில் இருக்கட்டும். "மண்ணைத் தொடாதே" என்று மொட்டையாக எழுதினால், செய்தே ஆகவேண்டிய வேலை விதிமீறலாகிவிடும். வயலுக்கடியில் வடிகால் குழாய் புதைத்திருந்தால், நீரில் கரைந்த நைட்ரேட் என்ற உரச்சத்து அதன் வழியே பட்டைக்கு அடியிலேயே போய்விடும். மேலே எதை நட்டும் பிடிக்க முடியாது.

பதில் 3:
விழுந்த மரம் மீனுக்கு நிழல், விட்டுவிடுங்கள். பாலத்தையோ மதகையோ அடைத்தால் மட்டும் கிளையை அறுத்தெடுக்கலாம். வேர்க்கட்டையைப் பிடுங்கினால் கரையும் சேர்ந்து வரும்.

களையை ஓடையின் மேல்தலையிலிருந்து கீழ்நோக்கி எடுங்கள். கணுவில் முளைக்கும் ரகங்களின் துண்டு மிதந்து வந்து, சுத்தம் செய்த இடத்தில் மறுபடி ஊன்றும். இலைமேல் தெளிக்காமல், வெட்டிய அடிக்கட்டையில் உடனே களைக்கொல்லி மருந்தைத் தடவ வேண்டும். நீரோரம் பயன்படுத்தலாம் என்று சீட்டில் அச்சிட்ட மருந்தாக இருக்கட்டும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியின் சில கலவைகளில் சேர்க்கும் ஒட்டும் திரவம் தலைப்பிரட்டைகளைக் கொல்லும்.

கேட்டவர்:
நன்றி. அரித்த கரையில் போத்து (வேர்விடுவதற்காக வெட்டி நடும் கிளைத்துண்டு) நடலாமா?

பதில் 1:
வில்லோ மாதிரி போத்தில் வேர்விடும் மரமென்றால் நடலாம். இலையுதிர்ந்த பருவத்தில் கட்டைவிரல் பருமனில், 60 முதல் 90 செ.மீ. நீளத்தில் வெட்டுங்க. அடி சாய்வாக, தலை நேராக, மொட்டு மேல்நோக்கி. கடப்பாரையால் குழி போட்டு மூன்றில் இரண்டு பங்கை இறக்கி, இடுக்கில் காற்று நிற்காமல் மிதித்துவிடுங்க. சுத்தியால் அடித்துத் தலை பிளந்தால் பிளந்த துண்டை நறுக்கிடுங்க, இல்லாட்டி காய்ந்துபோகும். கரையின் அடிவாரமே இன்னும் அரிபட்டுக்கொண்டிருந்தால் முதலில் அங்கே கல்லடுக்கு. அதுவரை போத்து நிற்காது.