அகதிக் கேஸில பிஆர் (நிரந்தர வதிவுரிமை) எடுத்தவர், ஊர் பாஸ்போட்டில யாழ்ப்பாணம் போய் வந்திட்டார். சிற்றிசன்ஷிப்புக்கு இப்ப போடலாமா?

வடமராட்சி மகள்

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் கனடாவில ஸ்காபரோவில இருக்கிறம். இவர் 2014இல வந்து அகதிக் கோரிக்கை வைச்சவர். 2016இல கேஸ் ஏற்றுக்கொண்டவை, 2018இல பிஆர் கிடைச்சது. அந்த பிஆர் விண்ணப்பத்தில என்னையும் மூத்தவளையும் சேர்த்திருந்தவர். நாங்கள் 2019இல பிஆரோடதான் வந்து இறங்கினனாங்கள். இளையவன் இஞ்ச பிறந்தவன்.

2021இல இவர் இலங்கைப் பாஸ்போட்டைப் புதுப்பிச்சவர். பிஆர் காட் இருக்குத்தானே, இனி ஒண்டும் இல்லை எண்டு கூட வேலை செய்யிற ஆக்கள் சொன்னவை. 2023இல மாமிக்குப் பாரிசவாதம் வந்து யாழ்ப்பாணத்தில ஆஸ்பத்திரியில இருந்தவ. இவர்தான் ஒரே மகன். மூண்டு கிழமை போய் நிண்டு பார்த்திட்டு வந்தவர். அடுத்த வருசம் மச்சாளின்ர கலியாணத்துக்கு எல்லாருமா சென்னைக்குப் போனம். அதுக்கும் இவருக்கு அதே பாஸ்போட்தான்.

இப்ப ரெண்டு பேருக்கும் நாள் கணக்குச் சரி. படிவம் நிரப்பித் தாற ஒருத்தர், எல்லாரையும் ஒண்டாப் போடலாம், யாழ்ப்பாணப் பயணத்தை மட்டும் எழுத வேண்டாம் எண்டு சொல்லுறார். எனக்கு அது சரியாப் படேல்லை.

பிஆர் கிடைக்க முன்னம் இருந்த நாளும் கணக்கில வருமா? அந்தப் பயணத்தை எழுதினால் என்ன நடக்கும், எழுதாட்டி என்ன நடக்கும்? ஒண்டாப் போடுறதா, தனித்தனியாவா? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. ராவில நித்திரை வருகுதில்லை.

மார்க்கம் வாசி

தங்கச்சி, பயப்படாதேங்கோ. நானும் ஊருக்கு ரெண்டு மூண்டு தரம் போய் வந்தனான், எல்லாத்தையும் எழுதித்தான் போட்டனான். சோதினை எழுதி, சத்தியப்பிரமாணமும் முடிஞ்சுது. ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. போடுங்கோ.

பனங்கூடல்

மார்க்கம் வாசி அண்ணை, நீங்கள் அகதிக் கேஸில் பிஆர் எடுத்தவரா, ஸ்பொன்சரில் வந்தவரா?

மார்க்கம் வாசி

மனிசி ஸ்பொன்சர் செய்துதான் வந்தனான்.

பனங்கூடல்

அப்படியென்றால் உங்கள் அனுபவம் இவருக்குப் பொருந்தாது. தங்கச்சி, தயவுசெய்து கணவரின் விண்ணப்பத்தை இப்போது அனுப்பாதீர்கள். நான் லோயர் இல்லை. அகதி விசாரணைகளில் உரைபெயர்ப்பு வேலை செய்கிறேன். தனிப்பட்ட கேஸ் எதையும் சொல்ல முடியாது. சட்டம் எப்படி இயங்குகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

அகதிப் பாதுகாப்புக் கிடைத்த ஒருவர் தானாகவே தன் நாட்டின் பாதுகாப்பை மறுபடி நாடினால், அந்தப் பாதுகாப்பு முடிந்துவிட்டது என்று அறிவிக்கும்படி கனடா அரசு கேட்கலாம். செசேஷன் என்று லோயர்மார் சொல்வது இதைத்தான். குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 108ஆவது பிரிவு. முன்பு செசேஷன் நடந்தாலும் பிஆர் போகாது. 2012 டிசம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த மாற்றத்துக்குப் பிறகு, இந்தக் காரணத்துக்காக அகதிப் பாதுகாப்புப் போனால் பிஆரும் அதோடு சேர்ந்து போகும். பிஆர் எடுத்து எத்தனை வருடம் ஆனாலும் இது பொருந்தும். இத்தனை வருடத்துக்குள் கேட்க வேண்டும் என்ற கால எல்லையும் இல்லை. கனடியக் குடியுரிமை கைக்கு வந்த பிறகுதான் இந்தப் பயம் நீங்கும்.

சொந்த நாட்டுப் பாஸ்போட் எடுப்பதையும், அதில் அந்த நாட்டுக்கே போவதையும் இந்த "நாடுதலுக்கு" வலுவான அடையாளமாக எடுப்பார்கள். சென்னைப் பயணத்தையும் விட்டுவிடாதீர்கள். போனது இந்தியாவுக்கு என்றாலும் கையில் இருந்தது இலங்கைப் பாஸ்போட். அதையும் கேட்பார்கள்.

இந்த விஷயம் வெளியே வருவது பெரும்பாலும் மூன்று இடங்களில்: விமான நிலையத்தில் திரும்பி வரும்போது, பிஆர் காட் புதுப்பிக்கும்போது, சிற்றிசன்ஷிப் விண்ணப்பத்தில். விண்ணப்பத்தில் ஐந்து வருடப் பயணங்களையும் எழுத வேண்டும், பாஸ்போட் பக்கங்களின் பிரதியும் கேட்பார்கள். செசேஷன் தொடங்கினால் குடியுரிமை விண்ணப்பத்தை நிறுத்தி வைக்க அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. எத்தனையோ குடும்பங்கள் இதை அறியாமல், நல்ல மனதோடு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகுதான் தெரிந்துகொள்கின்றன. எங்கள் சனத்துக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

வடமராட்சி மகள்

வாசிக்கக் கை நடுங்குது அண்ணை. அப்ப அந்தப் பயணத்தை எழுதாமல் விடச் சொல்லி அவர் சொன்னது இதுக்காகத்தானா?

பனங்கூடல்

அது அதைவிடப் பெரிய ஆபத்து. எல்லைச் சேவை முகமையிடம் உள்ளே வந்த பதிவு எப்போதும் இருந்தது; 2020 ஜூனுக்குப் பிறகு விமானத்தில் வெளியே போன பதிவும் இருக்கிறது. குடியுரிமை அதிகாரி அதைப் பார்க்கலாம். மறைத்தது பிடிபட்டால் ஐந்து வருடம் மறுபடி விண்ணப்பிக்க முடியாது. பிடிபடாமல் குடியுரிமை கிடைத்தாலும், பொய் சொல்லி எடுத்தது என்று எந்தக் காலத்திலும் அதைப் பறிக்கலாம். அதோடு, பயணத்தை ஒளித்த மனிதன் பின்பு செசேஷன் விசாரணையில் "தாயைப் பார்க்கத்தான் போனேன்" என்று சொன்னால் யார் நம்புவார்கள்? உங்கள் கணவரிடம் இப்போது இருக்கும் மிகப் பெரிய பலம் அவருடைய நம்பகத்தன்மை. அதை அந்தப் படிவக்காரரின் பேச்சைக் கேட்டு இழக்காதீர்கள்.

அந்த ஆளிடம் உரிமம் இருக்கிறதா என்றும் பாருங்கள். குடிவரவு ஆலோசகர் என்றால் அவரின் பெயர் ஆலோசகர் கல்லூரியின் (அவர்களுக்கு உரிமம் கொடுக்கும் அமைப்பு) பொதுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். லோயர் என்றால் ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பட்டியலில். எல்லா ஆலோசகர்களும் ஐஆர்பி (அகதிக் கேஸ்களை விசாரிக்கும் சபை) விசாரணையில் நிற்க முடியாது, அதற்குத் தனி அனுமதி வேண்டும். இந்த விஷயத்துக்கு, செசேஷன் கேஸ் செய்து பழகிய அகதிச் சட்ட லோயர்தான் தேவை.

கொங்குநாட்டுக்காரன்

நாள் கணக்கு கேட்டிருந்தீங்க, அதுக்கு மட்டும் சொல்றேன் மேடம். நான் கோயம்புத்தூர், வேலை விசால வந்து இப்ப சிட்டிசன்.

கையெழுத்துப் போடுற தேதிக்கு முந்தின ஐந்து வருஷத்துல 1,095 நாள் கனடாவுல இருந்திருக்கணும். பிஆருக்கு முன்னாடி முறையான அனுமதியோட இருந்த நாள் அரை நாளாத்தான் வரும், அதுவும் அதிகபட்சம் 365 நாள் வரைக்கும். அகதியா வந்தவங்களுக்கு கோரிக்கை ஏத்துக்கிட்ட தேதியில இருந்துதான் அந்த அரை நாள், கோரிக்கை வச்ச தேதியில இருந்து இல்ல. ஆனா உங்க ரெண்டு பேருக்கும் ஐந்து வருஷமும் பிஆருக்கு அப்புறமே வந்துடுது, அதனால இந்தக் கணக்கே வேண்டாம். கிளம்பின நாளும் திரும்பி வந்த நாளும் கனடாவுல இருந்ததாத்தான் எண்ணுவாங்க. காலைல அமெரிக்காவுல இருக்கிற பஃபலோ போய்ட்டு சாயங்காலம் வந்தாலும் பட்டியல்ல எழுதிடுங்க. சரியா 1,095ல அனுப்பாதீங்க, கொஞ்சம் கூடவே வச்சுக்கோங்க. குறைஞ்சா விண்ணப்பத்தை ஏத்துக்க மாட்டாங்க.

செசேஷன் விஷயம் எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். உங்க வீட்டுக்காரருக்கு நல்லது நடக்கணும்.

நல்லூர் வீதி

பனங்கூடல் சொன்னதோடு சேர்த்து. நான் ஒரு சட்ட அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். தங்கச்சி, பயமுறுத்தும் பக்கத்தை மட்டும் வாசித்து மனம் உடையாதீர்கள். ஊருக்குப் போன எல்லாருக்கும் பிஆர் போவதில்லை. நிரூபிக்க வேண்டியது அமைச்சரின் தரப்பு, அதாவது அரசு. தானாக விரும்பிச் செய்தாரா, பாதுகாப்பை நாடும் எண்ணத்தோடு செய்தாரா, உண்மையில் அது கிடைத்ததா என்று மூன்றையும் பார்ப்பார்கள். பாஸ்போட் எடுத்தாலே எண்ணம் இருந்தது என்று ஊகிப்பார்கள்; ஆனால் அந்த ஊகத்தை உடைக்கலாம்.

2022இல் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் கமாயோ என்ற வழக்கில் தீர்ப்புக் கொடுத்தது. இப்படிப் போனால் அந்தஸ்துப் போகும் என்று அந்த மனிதருக்கு உண்மையில் தெரிந்திருந்ததா, எதற்காகப் போனார், யாருக்குப் பயந்து ஓடி வந்தார், அங்கே நின்றபோது தன்னைப் பாதுகாக்க என்ன செய்தார், எத்தனை தரம் போனார் என்பதையெல்லாம் எடைபோட வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறது. நோயாளித் தாயைப் பார்க்கப் போவதும் விடுமுறைக்குப் போவதும் ஒன்றல்ல.

உங்களிடம் சில கேள்விகள். இஞ்சயே பதில் எழுத வேண்டாம், லோயரிடம் சொல்ல ஆயத்தமாக வைத்திருங்கள். அவரின் கேஸ் ஆருக்குப் பயந்து? இராணுவம், சிஐடி என்றால் அதே அரசின் பாஸ்போட் என்பது கூடப் பாரம். வேறு குழு என்றால் வாதம் வேறு. யாழ்ப்பாணத்தில் சொந்த வீட்டில் நின்றாரா, உறவினர் வீட்டிலா? கோயில், கலியாணம் என்று வெளியே திரிந்தாரா, ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தாரா? கொழும்பு விமான நிலையத்தில் மறித்து விசாரித்தார்களா? பாஸ்போட் புதுப்பிக்கும்போது யார் என்ன சொன்னார்கள்?

இப்போதே சேர்க்க வேண்டியவை: மாமியாரின் டயக்னோசிஸ் காட், கிளினிக் கொப்பி, ரிக்கற், விமானம் ஏறின அட்டை (போர்டிங் பாஸ்), அந்த நேரத்து வட்ஸ்அப் குரல்பதிவுகள், ஊரில் பார்த்த உறவினரின் கடிதங்கள். தமிழிலும் சிங்களத்திலும் இருப்பதை மொழிபெயர்க்க வேண்டும். வீட்டு ஆட்கள் செய்தது செல்லாது. எல்லைச் சேவை முகமையிடம் அவரின் பயண வரலாற்றைத் தனியுரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு எடுங்கள், கட்டணம் இல்லை. அரசின் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு லோயரிடம் போவது நல்லது. பழைய அகதிக் கேஸின் முழுக் கோப்பும் வேண்டும், முக்கியமாக அப்போது எழுதிக் கொடுத்த கதை.

அந்தப் பாஸ்போட்டைக் கிழிக்கவோ "தொலைந்தது" என்று சொல்லவோ வேண்டாம், அப்படியே வையுங்கள். ஆனால் இனி அதில் எங்கேயும் போகக் கூடாது. வெளிநாடு போகத்தான் வேண்டும் என்றால் கனடா தரும் அகதிப் பயண ஆவணத்துக்கு விண்ணப்பிக்கலாம். அது இலங்கைக்குச் செல்லாது. அதற்கும் முதல் லோயரைக் கேளுங்கள். பிஆர் காட் காலாவதியானாலும் பிஆர் அந்தஸ்து காலாவதியாவதில்லை, ஆகவே அதைப் புதுப்பிக்கவும் அவசரப்படாதீர்கள்.

எல்லைச் சேவை முகமையிலிருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டால் லோயரோடு கதைத்துவிட்டுத்தான் போக வேண்டும். போனால் உண்மையை மட்டும் சொல்ல வேண்டும். செசேஷன் விசாரணையில் தோற்றால் ஐஆர்பிக்குள் மேன்முறையீடு இல்லை, 15 நாளுக்குள் சமஷ்டி நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அதனால்தான் முதல் கட்டத்திலேயே நல்ல லோயர் வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். பணம் கஷ்டம் என்றால் லீகல் எயிட் ஒன்ராறியோவுக்கு எடுத்துக் கேளுங்கள், தமிழில் கதைக்க உரைபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

வடமராட்சி மகள்

ரெண்டு பேருக்கும் கோடி நன்றி. இவருக்கு வாசிச்சுக் காட்டினன். முதல் கோவிச்சவர், பிறகு கனநேரம் கதைக்கேல்லை. மாமி அவர் திரும்பி வந்து நாலாம் மாசம் செத்துப்போனா. "அம்மாவைப் பார்த்தது பிழையெண்டு சொல்லச் சொல்லுறாங்களா" எண்டு கேட்டார்.

பனங்கூடல்

பிழை என்று அவர் எங்கேயும் சொல்ல வேண்டியதில்லை. ஏன் போனார், எப்படி நின்றார் என்பதை உள்ளபடி சொன்னால் போதும். மரணச் சான்றிதழின் பிரதியையும் எடுப்பியுங்கள். திகதியைப் பார்த்தாலே அந்தப் பயணம் எப்படிப்பட்டது என்று விளங்கும்.

வடமராட்சி மகள்

வாற கிழமை ஒரு லோயரைச் சந்திக்க நேரம் எடுத்திட்டம். செசேஷன் கேஸ் செய்தனீங்களா எண்டு முதலே கேட்டுத்தான் எடுத்தனாங்கள். படிவக்காரரிட்ட குடுத்த கடதாசி எல்லாத்தையும் திருப்பி வாங்கியாச்சு.

இன்னும் ஒண்டு. நானும் மூத்தவளும் என்ன செய்யிறது? எங்களுக்கும் இந்தப் பிரச்சினை வருமா? அவளுக்கு 11 வயது.

நல்லூர் வீதி

நீங்கள் அவரின் குடும்பமாக பிஆரில் வந்தவர்கள். உங்கள் கேஸை ஐஆர்பி விசாரித்து உங்களுக்கு அகதிப் பாதுகாப்புத் தரவில்லை. ஆகவே இது உங்களைப் பிடிக்கும் விஷயமாகத் தெரியவில்லை. இருந்தாலும் பிஆர் ஆவணங்களைக் கொண்டுபோய் அதே லோயரிடம் உறுதிப்படுத்துங்கள், உங்கள் விண்ணப்பத்தால் அவரின் கோப்புக்கு ஏதும் பாதிப்பு வருமா என்றும் கேளுங்கள். லோயர் சரி என்றால் நீங்களும் மகளும் சேர்ந்து போடலாம், கணவருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. குடும்பம் என்றால் ஒன்றாகத்தான் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

தாயோடு சேர்ந்து விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு 1,095 நாள் கணக்கு இல்லை, சோதினையும் இல்லை. பிஆர் இருந்தால் போதும். அவளுக்குத் தனிப் படிவம், நீங்கள் கையெழுத்து வைக்கலாம். இளையவன் இஞ்ச பிறந்தபடியால் ஏற்கெனவே சிற்றிசன்.

உங்களுக்கு ஆங்கிலத்தில் நாலாம் நிலைச் சான்று வேண்டும். லிங்க் வகுப்புக்கு (புதிதாக வந்தவர்களுக்கான அரசின் மொழி வகுப்பு) போனீர்களா?

வடமராட்சி மகள்

போனனான் அக்கா. கேட்டல், பேசுதல் ரெண்டிலயும் அஞ்சாம் நிலை முடிச்ச சேர்டிபிகேற் இருக்கு.

நல்லூர் வீதி

அது போதும், வேறு சோதினைக்குக் காசு கட்டத் தேவையில்லை. ஐந்து வருடத்தில் வரி தாக்கல் செய்ய வேண்டியிருந்த மூன்று வருடங்களாவது செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அறிவுச் சோதினை 20 கேள்வி, 15 சரி வர வேண்டும். சென்னைப் பயணத்தை உங்கள் படிவத்தில் திகதி பிசகாமல் எழுதுங்கள். மகளின் ஆவணங்களிலும் அதே திகதிகள்தான் வர வேண்டும். லோயரைச் சந்தித்த பிறகு என்ன சொன்னார் என்று முடிந்தால் இஞ்ச எழுதுங்கோ. பெயர், கேஸ் இலக்கம் ஒன்றும் போட வேண்டாம்.