டிசம்பரில் சென்னை வருகிறவர்களுக்கு: கச்சேரியும் நம் சங்கக் கூட்டமும்

அன்புள்ள நம்மூர் உறவுகளுக்கு,

வணக்கம். டிசம்பர் லீவுக்குச் சென்னை வருகிறோம், பிள்ளைகளுக்கு ஒரு நல்ல கச்சேரியாவது காட்ட வேண்டும், டிக்கெட் எங்கே கிடைக்கும் என்று சிங்கப்பூரிலிருந்தும் நியூஜெர்சியிலிருந்தும் மடல் வந்திருக்கிறது. துபாய்த் தம்பி போன் பண்ணியே கேட்டுவிட்டார். எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கூடவே நம் சங்கத்தின் வருடாந்திரக் கூட்டத்தைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

முதலில் டிக்கெட். ராயப்பேட்டை மியூசிக் அகாதமி, தி.நகர் கிருஷ்ண கான சபா, வாணி மகால், மயிலாப்பூர் பக்கத்துச் சபாக்கள் எல்லாவற்றிலும் டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி முதல் தேதி வரை கூட்டம் அதிகம். பெரிய வித்வான்கள் சாயங்காலம் ஆறு, ஆறரைக்கு மேல் பாடுவார்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் அந்த நேரத்துக்கு டிக்கெட் கிடைப்பது கஷ்டம். ஆன்லைனில் திறந்த அன்றே வாங்கிவிடுங்கள். இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் பிள்ளைகளோடு வருகிறவர்கள் சாயங்காலக் கச்சேரியை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ஒரே சபாவில் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு கச்சேரிகள் நடக்கும். மத்தியானம் நடப்பவை பெரும்பாலும் இலவசம், வளர்ந்து வரும் பிள்ளைகள் பாடுவது. அரங்கத்தில் இருபது பேர் இருந்தால் அதிகம். போன வருஷம் தி.நகரில் ஒரு மத்தியானக் கச்சேரிக்குப் போயிருந்தேன். கல்லூரி வயசுப் பெண் ஒருத்தி காம்போதி ராகத்தை எடுத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் ஒவ்வொரு படியாக ஏறிப் போனாள். மேல் ஷட்ஜத்தில் நின்றபோது வயலின் வாசித்த பையன் வில்லைத் தூக்கிவிட்டு அவளையே பார்த்தான். அடுத்து அவன் வாசித்ததில் அவள் பாடினதெல்லாம் இருந்தது, அவன் பங்குக்கு ஒரு பிடி கூடவும் இருந்தது. இத்தனை நல்ல காம்போதியை நான் அந்த சீசனில் வேறு எங்கும் கேட்கவில்லை. கேட்டவர்கள் ஒரு கைப்பிடி ஆட்கள்.

மத்தியானக் கச்சேரியில் முதல் வரிசையிலேயே உட்காரலாம். பிள்ளைகளுக்கு அதுதான் முக்கியம். மிருதங்கக்காரர் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து தொப்பி என்கிற இடது பக்கத்துத் தோலில் அப்புவார், அந்தப் பக்கம் நாதம் கனத்துப் போகும். வலது பக்கத்தை, விளிம்பில் சின்னக் கல்லால் தட்டித் தட்டிச் சுருதிக்குக் கொண்டு வருவார். இதையெல்லாம் நாலடி தூரத்தில் இருந்து பார்த்த குழந்தை, அப்புறம் தனி ஆவர்த்தனம், அதாவது மிருதங்கம் மட்டும் தனியாக வாசிக்கும் நேரம், வரும்போது கண்ணைச் சிமிட்டாமல் கேட்கும். போவதற்கு முன்னால் ஆதி தாளம் போடக் கற்றுக் கொடுத்துவிடுங்கள்: ஒரு தட்டு, மூன்று விரல், அப்புறம் தட்டித் திருப்பி, தட்டித் திருப்பி. மொத்தம் எட்டு. கைக்கு வேலை இருந்தால் ஏழு வயசுப் பிள்ளைகூட ஒரு மணி நேரம் உட்காரும். தனி தொடங்கினதும் எழுந்து கேன்டீன் பக்கம் போகாதீர்கள். இரண்டு மணி நேரமாகப் பக்கவாத்தியமாகவே இருந்தவருக்குக் கிடைக்கும் பத்து நிமிஷம் அது. கேன்டீன் எங்கேயும் ஓடிப் போகாது, அங்கே நுழைய டிக்கெட்டும் வேண்டாம்.

இந்த மத்தியானப் பிள்ளைகள் படும் பாட்டையும் சொல்ல வேண்டும். எங்கள் அடுக்ககத்தில் ஒரு பெண், பத்து வருஷத்துக்கு மேல் பாட்டுக் கற்றவள், ஒரு சபாவில் வாய்ப்புக் கேட்டாள். நேரம் தருகிறோம், ஒரு நன்கொடை கொடுத்துவிடுங்கள் என்றார்கள். பாடுகிற பிள்ளைக்குச் சபா காசு கொடுக்க வேண்டும், பிள்ளையிடம் வாங்கக் கூடாது. எல்லாச் சபாவும் இப்படி இல்லை, மரியாதையாக நடத்துகிற இடங்கள் நிறைய உண்டு. ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்து மேடை ஏற நினைக்கும் நம் பிள்ளைகளுக்காக நீங்கள் தாராளமாகக் கொடுத்தால், அந்தப் பணம் இங்கே இருக்கும் இன்னொரு பிள்ளையின் இடத்தைத்தான் விலைக்கு வாங்குகிறது. இதைத் தயவுசெய்து மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் சில நாள் எப்படியும் விடியற்காலை மூன்று மணிக்கே தூக்கம் கலைந்துவிடும். அதை வீணாக்க வேண்டாம். குளித்துவிட்டு மயிலாப்பூர் மாட வீதிக்கு வாருங்கள். மார்கழி விடியலில் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றிப் பஜனை போகும். தமிழில் கீர்த்தனைகள் எழுதிய பாபநாசம் சிவன் வருஷக்கணக்கில் முன்னால் நின்று பாடிக்கொண்டு போன வீதிகள் அவை. 1971-இல் மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருது வாங்கினவர், தலையில் மப்ளரும் கையில் தாளமுமாக நடக்கிற கூட்டத்துக்குத்தான் பாட்டுப் பாடிக் கொடுத்தார். சேர்ந்து பாட யாரும் யாரையும் கேட்பதில்லை, பின்னாலேயே போய்ப் பாட வேண்டியதுதான். திருப்பாவை முப்பதும் திருவெம்பாவை இருபதும் நம்மூரில் ஒலிபெருக்கியில் கேட்டே மனப்பாடம் ஆனவை. உங்கள் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் ஒட்டிக்கொள்ளும்.

தமிழ்ப் பாட்டுத்தான் பிடிக்கும் என்று லண்டன் அண்ணன் எழுதியிருந்தார். அவர் பாரிமுனை ராஜா அண்ணாமலை மன்றத்துக்குப் போகலாம். ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1943-இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் விழா டிசம்பர் கடைசியில் அங்கேதான் நடக்கும். ஓதுவார்கள் தேவாரம் பாடுவார்கள், பண் ஆராய்ச்சியும் உண்டு. மயிலாப்பூரிலேயே சுற்றுகிறவர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பெசன்ட் நகர் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015-இல் மீனவர்கள் நடுவே ஒரு விழா தொடங்கினார்கள், பறையும் கர்நாடக சங்கீதமும் ஒரே மேடையில். பாடகர் டி.எம். கிருஷ்ணா அதில் முன்னால் நின்றார். அரங்கத்துக்குள் வராதவர்கள் இருக்கும் இடத்துக்கே பாட்டைக் கொண்டு போனது சரியான காரியம் என்பது என் எண்ணம்.

இனி நான் கேட்க வந்த விஷயம்.

நம்மூர்க் கோயிலில் மார்கழி முழுக்க விடியலில் நாகசுரம் வாசித்தவரை உங்களில் நாற்பது வயசு தாண்டினவர்களுக்கு நினைவிருக்கும். காலையில் பூபாளம், ராத்திரி பள்ளியறைக்கு நீலாம்பரி. சாமி புறப்பட்டால் கம்பீர நாட்டையில் மல்லாரி. அதற்குப் பாட்டு வரி கிடையாது, தவிலின் சொற்கட்டுத்தான். அந்த முழக்கம் கேட்டுத்தான் தெருவில் எல்லார் வீட்டுக் கதவும் திறக்கும். அவர் பேரன் இப்போது தாம்பரம் பக்கம் இருக்கிறான். இசைக் கல்லூரியில் முறையாகப் படித்தவன், தாத்தாவின் கைவாகு அப்படியே வந்திருக்கிறது. போன மாதம் பார்த்தேன். "மார்கழி எப்படிப்பா போகும்?" என்று கேட்டேன். "மார்கழிதான் மாமா எங்களுக்குக் கஷ்டமான மாதம்" என்றான்.

நாகசுரக்காரருக்கும் தவில்காரருக்கும் பெரும்பாலான வருமானம் கல்யாணத்திலிருந்து வருகிறது. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. ஊரே சங்கீதத்தில் மிதக்கிற முப்பது நாளில் அவர்களுக்கு வேலை இல்லை. சபாக்களில் பெரும்பாலும் அவர்களைத் தொடக்க நாளுக்கு மங்கள இசை என்று கூப்பிடுவார்கள். ஆட்கள் உள்ளே வந்து இடம் பிடித்துக்கொண்டிருக்கும்போதே அது முடிந்துவிடும். நாகசுரத்துக்கென்றே தனியாக நாள் ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும். ஆனால் மொத்த சீசனில் அது கொஞ்சம்தான்.

இத்தனைக்கும் இன்றைக்குப் பாட்டுக்காரர்கள் பாடும் ராக ஆலாபனைக்கு நாகசுரம்தான் பள்ளிக்கூடம். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை தோடி வாசித்தால் ராத்திரி முழுக்கக் கூட்டம் கலையாது என்று நம் தாத்தாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். உச்சத்தில் அலறும் குட்டையான திமிரியிலிருந்து, நீளமான, சுருதி இறங்கின பாரி நாகசுரத்துக்கு எல்லாரையும் திருப்பினவர் அவர். 1956-இல் காலமானார். அவருக்குக்கூட சங்கீத கலாநிதி கொடுக்கவில்லை. 1998-இல் ஷேக் சின்ன மௌலானாவுக்குக் கொடுத்தார்கள், அதில் எனக்கு இன்றைக்கும் நிறைவு உண்டு. வாத்தியமும் நம் பக்கத்துச் சொத்து. கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் நடுவில் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைகிறார்கள், அதுவும் பழைய வீடு இடித்த மரமாக இருந்தால்தான் வெடிக்காது. 2022-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கடைந்த வாத்தியத்தை வாங்கி வாசிக்க ஆள் இருந்தால்தானே அந்தப் பட்டறை நடக்கும்?

அதனால் இந்த வருஷம் நம் சங்கக் கூட்டத்தை ஓட்டலில் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். போன வருஷம் மெல்லிசைக் குழுவும் பஃபேயும் வைத்தோம், எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருந்தோம். இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவே வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஒரு நாகசுரக் கச்சேரி வைப்போம். இரண்டு நாகசுரம், இரண்டு தவில், தாளம், சுருதிப் பெட்டி. நம்மூர்ப் பையனும் அவன் கூட்டாளிகளும். முழுசாக இரண்டரை மணி நேரம், மைக் இல்லாமல். மல்லாரியில் தொடங்கட்டும், ஒரு ராகத்தை ஆற அமர வாசிக்கட்டும், தவிலுக்குத் தனி விடட்டும். யாரும் அவர்களைப் பார்த்துக் கையசைத்துக் கெட்டிமேளம் கேட்க மாட்டார்கள். சாப்பாட்டுப் பந்தி அப்புறம்தான். மேளம் ஒரு பக்கமும் இலை ஒரு பக்கமுமாக வேண்டவே வேண்டாம்.

மார்கழியில் விசேஷம் வைக்கலாமா என்று பெரியவர்கள் சிலர் யோசிக்கலாம். இது கல்யாணமோ கிரகப்பிரவேசமோ இல்லை, சாமி மாதத்தில் சாமிக்கு வாசித்தவரின் பேரன் வாசிக்கிறான். கல்யாணம் இல்லாத மாதம் என்பதால் மண்டபமும் சுலபமாகக் கிடைக்கும், வாடகையும் குறைத்துக் கேட்கலாம். மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டருகே ஒரு சின்ன மண்டபத்தில் பேசி வைத்திருக்கிறேன், மேல்தளத்தில் நூற்றைம்பது பேர் தரையில் ஜமுக்காளம் விரித்து உட்காரலாம். முட்டி வலிக்காரர்களுக்கு நாற்காலி போடுவோம்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். மெல்லிசைக் குழுவுக்குக் கொடுத்ததை அப்படியே இவர்களுக்குக் கொடுக்க வேண்டும், ஒரு ரூபாய் குறைக்கக் கூடாது. முன்பணம் பாதி, மீதி வாசித்து முடித்ததும் மேடையிலேயே. பொன்னாடை போர்த்துவதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. தவில்காரர்களுக்கும் நாகசுரக்காரர்களுக்கும் ஒரே தொகை.

வெளிநாட்டில் பாட்டும் வயலினும் கற்கும் நம் பிள்ளைகளுக்கும் கச்சேரிக்கு முன்னால் அரை மணி நேரம் ஒதுக்கலாம். கிளீவ்லாந்தில் 1978-லிருந்து தியாகராஜ ஆராதனை நடத்துகிறார்கள், அங்கே பாடின பிள்ளைகள் நம்மிலும் இருக்கிறார்கள் என்று தெரியும். எல்லாரும் சேர்ந்து ஒரு திருப்பாவை, ஒரு திருவெம்பாவை பாடினால் போதும், போட்டி எதுவும் வேண்டாம். வந்தவர்கள் அப்படியே கீழே உட்கார்ந்து நாகசுரத்தைக் கேட்கட்டும். நாகசுரத்தின் வாயில் பொருத்தி ஊதும் சீவாளியை எச்சில் தொட்டு எப்படிப் பதப்படுத்துகிறார்கள், தவில்காரர் விரலில் மாட்டும் கூடு எதனால் ஆனது என்றெல்லாம் கச்சேரி முடிந்ததும் கேட்டால் அவர்களே காட்டுவார்கள். கேட்பதற்கு ஆள் வந்தால் அவர்களுக்கும் சந்தோஷம்.

மண்டபத்துக்குக் கார்த்திகை முதல் வாரத்துக்குள் முன்பணம் கட்ட வேண்டும். யார் யார் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை சென்னையில் இருப்பீர்கள், எத்தனை பேர், பாடுகிற பிள்ளைகள் யார், வேண்டாம் என்றால் என்ன காரணம், இதற்குப் பதில் போடுங்கள். பொருளாளர் தம்பி செலவுக் கணக்கைத் தனி மடலில் அனுப்புவார். பையனிடம் இன்னும் உறுதி சொல்லவில்லை, தேதியை மட்டும் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
மேற்கு மாம்பலத்திலிருந்து உங்கள் சென்னைக் கிளைச் செயலாளர்