நிறுத்தி வைத்திருக்கும் கார்களுக்கு எந்த பேட்டரி சார்ஜர்? மாதக்கணக்கில் மாட்டியே வைக்கலாமா?

ஷெட்சாவி:
வணக்கம் நண்பர்களே. எங்கள் வீட்டு கார்கள் இரண்டும் பெரும்பாலும் ஷெட்டிலேயே நிற்கின்றன. ஒன்று அப்பா ஓட்டிய பழைய கார். தண்ணீர் ஊற்றும் சாதாரண பேட்டரி, 45 ஆம்ப்-ஹவர். இன்னொன்று ஸ்டார்ட்-ஸ்டாப் (சிக்னலில் நின்றால் இஞ்சின் தானாக அணைந்து திரும்ப எழும் வசதி) உள்ள புது மாடல், 70 ஆம்ப்-ஹவர் ஏஜிஎம் பேட்டரி, அதாவது கண்ணாடி இழைப் பாயில் ஆசிட் ஊறியிருக்கும் மூடிய வகை. சில வாரங்கள் கழித்துப் போய்ப் பார்த்தால் புது கார் செல்ஃப் எடுக்கவில்லை, டிக் டிக் என்ற சத்தம்தான். மீட்டர் 11.6 வோல்ட் காட்டியது. அதே அளவு காலம் நின்ற பழைய கார் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆனது. பெரிய பேட்டரி எப்படி முதலில் இறங்கியது?

இரண்டாவது விஷயம் சார்ஜர். வீட்டில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய 10 ஆம்ப் சார்ஜர் இருக்கிறது. அதையே 'லோ'வில் வைத்து மாட்டிவிடலாமா? புதிதாக ஸ்மார்ட் சார்ஜர் வாங்குவதென்றால் 1 ஆம்பிலிருந்து 10 ஆம்ப் வரை வைத்திருக்கிறார்கள். எதை எடுப்பது? ஷெட்டில் ஒரு ப்ளக் பாயிண்ட் உண்டு. அவ்வப்போது கரண்ட் போய் வரும்.

பழையஇஞ்சின்:
சார்ஜரைப் பிறகு பார்ப்போம் தம்பி. முதலில் கார் நிற்கும்போது எவ்வளவு குடிக்கிறது என்று பாருங்கள். புது கார்களில் அலாரம், ரிமோட் லாக், கம்ப்யூட்டர் எல்லாம் பூட்டிய பிறகும் கொஞ்சம் மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். 20 முதல் 50 மில்லிஆம்ப் வரை சாதாரணம். 50 என்று வையுங்கள்: ஒரு நாளைக்கு 1.2 ஆம்ப்-ஹவர், 30 நாளில் 36. உங்கள் 70 ஆம்ப்-ஹவர் பேட்டரியில் பாதி அதிலேயே போயிற்று. பழைய காரில் ஒரு கடிகாரம் இருந்தாலே பெரிது. அதனால்தான் அது தாக்குப்பிடித்தது.

மல்டிமீட்டரை 10 ஆம்ப் ரேஞ்சில் வைத்து, நெகட்டிவ் டெர்மினலுக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவில் போடுங்கள். கதவுகளைப் பூட்டிவிட்டுக் காத்திருங்கள். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக அரை மணி நேரம்கூட ஆகும். அதற்கு முன் காட்டுவதை நம்ப வேண்டாம். மீட்டர் மாட்டியிருக்கும்போது இக்னிஷன் போடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

நெடுஞ்சாலை:
இதற்கெல்லாம் சார்ஜர் எதற்கு? வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டால் போதாதா?

பழையஇஞ்சின்:
போதாது. நின்ற இடத்தில் ஓடினால் ஆல்டர்னேட்டர் (இஞ்சின் சுழற்றும் மின்னாக்கி) கொஞ்சமாகத்தான் தரும். பத்து நிமிடத்தில் பேட்டரி நிறையாது. இஞ்சினும் முழுச் சூட்டுக்கு வராது, ஆயிலிலும் சைலன்சரிலும் ஈரம் தங்கும். நிஜமாகவே ரோட்டில் ஓட்ட முடிந்தால் ஓட்டுங்கள், இல்லையென்றால் சும்மா விடுங்கள்.

ஈயத்தட்டு:
சார்ஜர் பற்றி நான் சொல்கிறேன். இதில் நிறைய பேட்டரிகள் வீணாய்ப் போவதைப் பார்த்த வருத்தம் எனக்கு உண்டு.

அந்தப் பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜரை மாட்டி விட்டுப் போகாதீர்கள். அதற்கு எப்போது நிறுத்துவது என்று தெரியாது. பேட்டரி நிறைந்த பிறகும் தள்ளிக்கொண்டே இருக்கும், வோல்டேஜ் 15-ஐத் தாண்டும், தண்ணீர் பிரிந்து வாயுவாகப் போகும். சாதாரண பேட்டரியில் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிச் சமாளிக்கலாம். ஏஜிஎம் மூடியது, போன தண்ணீரைத் திரும்ப ஊற்ற வழியே இல்லை.

எல்லோரும் ஆம்பைப் பார்த்து வாங்குகிறார்கள். நிறுத்தி வைக்கும் காருக்கு அதைவிட முக்கியம், பேட்டரி நிறைந்த பிறகு சார்ஜர் என்ன செய்கிறது என்பது. நல்ல ஸ்மார்ட் சார்ஜர் முதலில் வேகமாக ஏற்றும். அப்புறம் 14.4 வோல்ட் வாக்கில் நிறுத்தி மிச்சத்தை நிரப்பும் (ஏஜிஎம் நிலையில் பெரும்பாலும் 14.7). கடைசியில் 13.5 வோல்ட் வாக்கில் இறங்கி, கார் குடிப்பதை மட்டும் ஈடு செய்துகொண்டிருக்கும். இதுதான் ஃப்ளோட். 'ஆட்டோ கட்-ஆஃப்' என்று மட்டும் எழுதியிருந்தால், நிறைந்ததும் அணைந்து அப்படியே கிடக்கும் ரகமா, வோல்டேஜ் இறங்கினால் தானாகத் திரும்ப எழும் ரகமா என்று கேளுங்கள்.

வெப்பமும் கணக்கில் வரவேண்டும். மேலே சொன்ன ஃப்ளோட் 25 டிகிரிக்கானது. ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் சுமார் 18 மில்லிவோல்ட் குறைய வேண்டும். தகரக் கூரையின் கீழ் 40 டிகிரி என்றால் கால் வோல்டுக்கு மேல் வித்தியாசம். மாதக்கணக்கில் மாட்டி வைக்கும் இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை. வெப்பத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும் சார்ஜராக எடுங்கள்.

கரண்ட் போகும் என்றீர்களே, அதையும் கேட்டே வாங்குங்கள். சில சார்ஜர்கள் கரண்ட் திரும்பியதும் விட்ட நிலையிலிருந்து தொடரும். சில, பட்டனை யாராவது அழுத்தும் வரை விளக்கை மட்டும் எரியவிட்டுக்கொண்டு சும்மா நிற்கும். ஆள் இல்லாத ஷெட்டில் அந்த இரண்டாவது ரகம் இருந்தும் பயனில்லை.

ஆம்ப் என்று கேட்டால், தாங்கிப் பிடிக்க 1 ஆம்ப் தாராளம். ஆனால் பாதி இறங்கிய 70 ஆம்ப்-ஹவர் பேட்டரியை அது நிரப்ப ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். 4, 5 ஆம்ப் எடுத்தால் இரண்டுக்கும் உதவும்.

11.6-இல் இருப்பதை இன்றே ஏற்றுங்கள். 12.4-க்குக் கீழே எவ்வளவு நாள் கிடக்கிறதோ அவ்வளவு சல்ஃபேட் படிவு உள்ளே இருக்கும் ஈயத் தட்டில் இறுகி, கொள்ளளவைக் குறைக்கும். குளிர் கடுமையான இடமாக இருந்தால், இறங்கிய பேட்டரி உறைந்தும் போகும். உறைந்ததைச் சார்ஜ் செய்யவே கூடாது.

ஷெட்சாவி:
ரொம்ப நன்றி ஐயா, பழையஇஞ்சின் அண்ணாவுக்கும். அளந்துவிட்டேன். புது கார் முதலில் 3 ஆம்புக்கு மேல் காட்டிப் பயமுறுத்தியது, கொஞ்ச நேரத்தில் 45 மில்லிஆம்பில் நின்றது. பழைய கார் வெறும் 4. ஒரே சார்ஜரை இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து இணைக்கலாமா?

ஈயத்தட்டு:
வேண்டாம். ஒன்று ஏஜிஎம், ஒன்று தண்ணீர் பேட்டரி. வயதும் அளவும் வேறு. ஒன்று கேட்பதை இன்னொன்றுக்கும் ஊட்டுவதாக ஆகும். சார்ஜர் புது காரிலேயே இருக்கட்டும். பழைய காரின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். அப்புறம் பேட்டரி தன்னால் இறங்குவது மட்டும்தான், மாதத்துக்கு 5 சதவீதம் வாக்கில், வெயிலில் இன்னும் கூடும். மாதம் ஒரு முறை அளந்து, 12.5-க்கு வந்ததும் சார்ஜரை ஓர் இரவு அதற்கு மாற்றுங்கள். மாற்றும்போது ஏஜிஎம் நிலையை எடுத்துவிட்டு சாதாரண நிலையில் வைக்க மறக்காதீர்கள்.

பானட்திற:
மாட்டும் முறையையும் கவனியுங்கள். ஸ்டார்ட்-ஸ்டாப் கார்களில் நெகட்டிவ் டெர்மினல் மேலேயே ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். பேட்டரிக்குள் போவதையும் வருவதையும் கணக்கு வைப்பது அதுதான். சார்ஜரின் கறுப்புக் கிளிப்பை நேராக டெர்மினலில் மாட்டினால் ஏறிய சார்ஜ் அதன் கணக்கில் வராது. அப்புறம் பேட்டரி நிறைந்திருந்தும் ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாமல் நிற்கலாம். சிவப்பை முதலில் பாசிட்டிவில், கறுப்பை பாடியில் உள்ள எர்த் போல்ட்டில் மாட்டி, கடைசியில் சுவிட்சைப் போடுங்கள். கழற்றும்போது தலைகீழ்.

நிரந்தரமாக விடுவதால் கிளிப் வேண்டாம். ஃபியூஸ் உள்ள வளைய முனை ஒயர் சார்ஜரோடு வரும், அதை போல்ட்டில் இறுக்கிவிட்டால் பானட்டை மூடலாம். 'ரீகண்டிஷன்' பட்டன் இருந்தால் காரில் மாட்டியபடி அழுத்தாதீர்கள், அது 15.8 வோல்ட் வரை போகும். காற்றோட்டமும் வேண்டும், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும்.

நெடுஞ்சாலை:
எங்கள் காரில் லித்தியம் பேட்டரி மாற்றியிருக்கிறார்கள். இதே சார்ஜர் ஆகுமா?

ஈயத்தட்டு:
லித்தியம் நிலை தனியாக இருந்தால் மட்டும். இல்லாத சார்ஜரை மாட்ட வேண்டாம் நண்பரே.

ஷெட்சாவி:
5 ஆம்ப், ஏஜிஎம் நிலை, வெப்பச் சென்சாரோடு ஒன்று வாங்கினேன். கடையிலேயே ப்ளக்கைப் பிடுங்கித் திரும்பப் போட்டுக் காட்டச் சொன்னேன். முதலில் எடுத்துக் கொடுத்த மாடல் பட்டனுக்காகக் காத்து நின்றது, அடுத்தது தானாக ஏஜிஎம் நிலைக்கே திரும்பியது. அதை எடுத்துக்கொண்டேன். முழுதாக ஏற்றி, கழற்றி, ஒரு நாள் விட்டு அளந்தால் 12.6 வோல்ட். இது சரியா?

ஈயத்தட்டு:
நல்ல ஏஜிஎம் 12.8-க்குக் குறையாமல் நிற்கும். ஆழமாக இறங்கியதில் கொஞ்சம் கொள்ளளவு போயிருக்கலாம். சில நாள் ஃப்ளோட்டில் விட்டு, மறுபடி ஒரு நாள் கழற்றி வைத்து அளந்து பாருங்கள். அப்போதும் 12.6 என்றால் லோட் டெஸ்ட் (பாரம் கொடுத்து வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும் சோதனை) செய்துவிடுங்கள்.