போர்முனையில் வரைந்த படத்தைச் சாட்சியமாக எடுக்கலாமா?

நிழல்வேட்டை:
1861-65-ல் வடக்கும் தெற்கும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போர் என்று பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் ஹார்ப்பர்ஸ் வீக்லி என்ற நியூயார்க் வாரப் பத்திரிகையில் வந்த படத்தைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டு "நேரில் நின்று வரைந்தது" என்கிறார். நேரில் நின்றால் போதுமா? குண்டு பறக்கிற இடத்தில் உட்கார்ந்து எத்தனை முகத்தை, எத்தனை குதிரையை வரைந்துவிட முடியும்? பாதி ஞாபகம், பாதி கற்பனை. கேமராதான் அப்போதே வந்துவிட்டதே, எனக்கு அதுதான் நம்பகம்.

கரிக்கோல்:
கேமரா வந்துவிட்டது, சரி. அது எதைப் பிடித்தது என்று பார்த்தீர்களா? கொலோடியன் என்ற ரசாயனக் கரைசலை ஈரமாகப் பூசிய கண்ணாடித் தகடு, சில நொடி அசையாமல் இருந்தால்தான் படம் விழும், தகடு காய்வதற்குள் இருட்டு வண்டிக்குள் ஓடிப்போய்க் கழுவியாக வேண்டும். அதனால்தான் அந்தப் போரின் புகைப்படங்களில் சண்டையைப் பார்க்கவே முடியாது. முன்னால் போஸ் கொடுக்கிற அதிகாரிகள், பின்னால் பிணங்கள், அவ்வளவுதான். நடுவில் நடந்ததை ஹார்ப்பர்ஸின் ஓவியர் ஆல்ஃபிரட் வோட் போன்றவர்கள் பென்சிலில் பிடித்தார்கள். 1864 மே மாதம் வர்ஜீனியாவின் வில்டர்னஸ் காட்டில் சண்டை நடக்கும்போதே புதர்கள் பற்றிக்கொண்டன, நகர முடியாத காயம்பட்டவர்கள் உள்ளேயே கருகினார்கள். துப்பாக்கிகளில் போர்வையைக் கோத்து அதில் ஒருவனைச் சுமந்துகொண்டு நெருப்பிலிருந்து வெளியே வருகிறவர்களை வோட் வரைந்திருக்கிறார். அதற்கு ஒரு புகைப்படம் காட்டுங்கள் பார்ப்போம்.

நிழல்வேட்டை:
உருக்கமாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கொஞ்சம் ரஷ்யாவோடு பிரிட்டன் மோதிய கிரிமியப் போர் பக்கம் வாருங்கள். பாலக்லாவாவில் லைட் பிரிகேட் என்ற பிரிட்டிஷ் குதிரைப்படை பாய்ந்தது 1854 அக்டோபர் 25. அதை வரைந்து புகழ்பெற்ற வில்லியம் சிம்ப்சன் அங்கே போய் இறங்கியதே நவம்பரில்! ஆட்களிடம் கேட்டுக் கேட்டு வரைந்து, படையை நடத்திய கார்டிகன் பிரபுவிடம் கொண்டுபோனால் அவர் இரண்டு முறை தப்பு என்று திருப்பிவிட்டார். மூன்றாம் முறை பிரபுவை எல்லோருக்கும் முன்னால் எடுப்பாக நிறுத்திக்காட்டியதும் ஒரே பாராட்டு. நான் இட்டுக்கட்டவில்லை, சிம்ப்சன் தன் வாழ்க்கைக் குறிப்பில் அவரே சொல்லியிருக்கிறார்.

கரிக்கோல்:
சிம்ப்சனை அனுப்பியது கோல்னாகி என்ற லண்டன் படவிற்பனை நிறுவனம், கல்லச்சில் போட்டு விற்பதற்காக. வாரப் பத்திரிகைக்காகப் போர்முனைக்கு ஓடிய ஸ்பெஷல் ஆர்ட்டிஸ்டுகளோடு அவரைச் சேர்த்துக் கட்டாதீர்கள். கேமராவின் யோக்கியதையையும் சொல்லவா? அமெரிக்கப் போரின் கெட்டிஸ்பர்க் களத்தில் பாறைகளுக்கு நடுவே செத்துக்கிடக்கும் "கலகப்படைக் குறிசுடுபவன்" (தெற்குப் படைக்காரன்) படம் தெரியுமல்லவா, புகைப்படக்காரர் கார்ட்னரின் குழு எடுத்தது. அதே பிணம் வேறு இடத்தில் கிடக்கும் படங்களும் இருக்கின்றன. தூக்கிக்கொண்டுபோய்க் கிடத்தி, பக்கத்தில் ஒரு துப்பாக்கியையும் சாத்தி எடுத்தது! அவ்வளவு தூரம் ஏன், நம் லக்னோ சிக்கந்தர் பாக். சிப்பாய்க் கலகத்தில் அங்கே சண்டை நடந்தது 1857 நவம்பர், புகைப்படக்காரர் பீட்டோ படமெடுத்தது 1858-ல். முற்றத்தில் இறைந்து கிடக்கும் அந்த எலும்புகளைப் படத்துக்காகப் பரப்பிவைத்தார்கள் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள்.

பட்டறை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நீங்கள் இருவரும் எந்தப் படத்தை வைத்துச் சண்டை போடுகிறீர்கள்? வோட் கையால் வரைந்த தாளையா, பத்திரிகையில் வந்ததையா? என் மாமா லெட்டர்பிரஸ் காலத்தில் ப்ளாக் செய்தவர், துத்தநாகத் தகட்டில் கேமரா வழியாகப் படம் ஏற்றி ஆசிட்டில் அரிப்பது. அதிலேயே மாப்பிள்ளை முகம் கறுத்துவிட்டது என்று கல்யாணப் பத்திரிகைக்காரர்கள் வந்து சத்தம் போடுவார்கள். 1860களில் அந்த வசதிகூடக் கிடையாது. வோட் பழுப்புத் தாளில் பென்சிலும் வெள்ளைப் பூச்சுமாக அவசரமாக வரைவார், சில தாள்களில் ஓரத்தில் குறிப்பும் எழுதுவார். அது நியூயார்க் போய்ச் சேர்ந்ததும் வேறொருவர் அச்சுக்கான பாக்ஸ்வுட் மரக்கட்டையில் இடவலம் மாற்றி மறுபடி வரைவார். அந்த மரம் பருக்காது, அதனால் சின்னச் சின்னக் கட்டைகளைப் பின்னால் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். வரைந்து முடித்ததும் கழற்றி ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டால் ஒருத்தர் வானம் செதுக்குவார், இன்னொருத்தர் குதிரைக்கால் செதுக்குவார், கடைசியில் சேர்த்துப் பூட்டி இணைப்புக்கோடு தெரியாமல் ஒருவர் இழைத்துவிடுவார். பட்டாளம் முழுக்க ஒரே மூக்கோடு இருப்பது இதனால்தான். அந்த வில்டர்னஸ் படமே மே தொடக்கத்தில் வரைந்தது, அச்சில் வந்தது ஜூன் 4. நடுவில் எத்தனை கை!

நிழல்வேட்டை:
பட்டறை சார் சொல்வது நியாயம். அச்சுப்படத்தை வைத்துத்தான் நான் இவ்வளவு நேரம் பேசியிருக்கிறேன். ஆனாலும் ஒன்று. அந்தத் தாளையே எடுத்துக்கொண்டாலும் அது ஒரு பக்கத்துக் கண்தானே? வோட் வடக்கின் பொட்டோமாக் படையோடு திரிந்தவர், தளபதிக்குப் பிடிக்காவிட்டால் முகாமிலிருந்து வெளியே தள்ளலாம். 1862-ல் யார்க்டவுன் முற்றுகைப் படங்களைப் போட்டதற்காகப் போர் அமைச்சர் ஸ்டான்டன் ஹார்ப்பர்ஸ் மேலேயே பாய்ந்தார்.

கரிக்கோல்:
இதை மறுக்கவில்லை. இன்னொரு பக்கத்துக் கண்ணும் இருந்தது. ஃபிராங்க் விசெட்டெல்லி, இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் வாரப் பத்திரிகைக்காகத் தெற்குப் படையோடு போன ஓவியர். தெற்குத் துறைமுகங்களை வடக்குக் கப்பல்கள் மறித்த கடல் முற்றுகையைத் தாண்டிக் கள்ளத்தனமாகத்தான் படங்கள் லண்டன் போகவேண்டும். வழியில் வடக்குக் கப்பல்களிடம் மாட்டிய சில தாள்கள் எங்கே அச்சாயின தெரியுமா? ஹார்ப்பர்ஸ் வீக்லியில்! அந்த மனிதர் கடைசியில் 1883-ல் சூடானில் ஹிக்ஸ் பாஷா என்ற தளபதியின் படையோடு போனவர் திரும்பவே இல்லை. வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்கிறவர் அப்படிக் காணாமல் போகமாட்டார்.

நிழல்வேட்டை:
சரி, வோட்டின் அசல் தாள்களை எங்கே பார்ப்பது?

கரிக்கோல்:
அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் குவியலாக இருக்கின்றன, வங்கிக்காரர் மார்கன் குடும்பம் 1919-ல் கொடுத்தது. அவர்கள் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். வர்ஜீனியாவின் அப்பமாட்டாக்ஸில் சரணடைந்துவிட்டுத் தெற்குத் தளபதி லீ குதிரையில் கிளம்பும் தாளை முதலில் பாருங்கள், அந்த நிமிஷத்தில் அங்கே எந்தக் கேமராவும் இல்லை.

நிழல்வேட்டை:
பார்த்துவிட்டு வருகிறேன். சிம்ப்சன் விஷயத்தை மட்டும் விடமாட்டேன்.