விமானம் தாமதம்: 600 யூரோ கிடைக்குமா? அவசர உதவி தேவை

நிலாமுற்றம்:
வணக்கம். விமானம் தாமதமாகி இணைப்பு விமானத்தைத் தவறவிட்டோம். சென்னைக்கு 11 மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். அம்மாவுக்கு முழங்கால் வலி. இரவு முழுவதும் இரும்பு நாற்காலியில் காலைத் தொங்கவிட்டபடியே உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டுக்கு ஒரு கூப்பன்கூடத் தரவில்லை. இப்போது ஆளுக்கு 150 யூரோ வவுச்சர் தருகிறார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் ‘ஏற்கிறேன்’ என்பதை அழுத்த வேண்டுமாம். 600 யூரோ கிடைக்கும் என்று கடையில் ஒருவர் சொன்னார். உண்மையா? சீக்கிரம் சொல்லுங்கள்.

கடலோடி:
எங்கிருந்து புறப்பட்டீர்கள் என்பதையே சொல்லவில்லையே அக்கா. சென்னை என்பது போய்ச் சேர்ந்த ஊர். ஐரோப்பிய நிறுவனமா, வெளிநாட்டு நிறுவனமா?

வண்ணத்துப்பூச்சி:
இரண்டு விமானங்களும் ஒரே முன்பதிவா? தனித்தனியாக வாங்கியிருந்தால் கதையே வேறு. தாமதத்துக்கு என்ன காரணம் சொன்னார்கள்?

ஓய்வுபெற்றவர்:
எதிர்பார்ப்பை வளர்த்துக்கொள்ளாதீர்கள். இயந்திரக் கோளாறு என்று எழுதிவிட்டால் ஒரு காசு வராது. என் மைத்துனருக்கு அப்படித்தான் ஆனது.

சட்டப்பிரியன்:
இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது. தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமையில்லை. சரி, மறுபடியும் எழுதுகிறேன்; கவனமாகப் படியுங்கள். விமானப் பயணிகளுக்கான ஐரோப்பிய ஒன்றிய இழப்பீட்டுச் சட்டத்தின் எண் 261/2004. 2005 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 1500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, நடுத்தரத் தொலைவுக்கு 400, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே 3500 கிலோமீட்டருக்கு மேல் 600. தாமதத்துக்கும் இழப்பீடு உண்டு என்று 2009இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. போய்ச் சேரும்போது 3 மணி நேரமாவது பிந்தியிருக்க வேண்டும். சக்கரம் தரையைத் தொட்ட நேரம் கணக்கில்லை, கதவு திறந்த நேரமே கணக்கு. ஓய்வுபெற்றவர் ஐயாவுக்கு: நிறுவனம் இழப்பீட்டிலிருந்து தப்ப ‘அசாதாரணச் சூழ்நிலை’ இருக்க வேண்டும்; இயந்திரக் கோளாறு பொதுவாக அப்படி ஆகாது என்று 2008இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. விமானத்தைப் பழுது பார்ப்பது நிறுவனத்தின் அன்றாட வேலை.

நிலாமுற்றம்:
பாரிஸிலிருந்து. வளைகுடா நிறுவனம். காரணம் ‘செயல்பாட்டுக் காரணங்கள்’ என்று மட்டும் மின்னஞ்சலில் இருக்கிறது. முதல் விமானம் 1 மணி 50 நிமிடம்தான் தாமதம். திரும்பி வந்தபோதும் சென்னையில் 5 மணி நேரம் காக்க வைத்தார்கள். அதற்கும் கேட்கலாமா?

ஓய்வுபெற்றவர்:
வளைகுடா நிறுவனத்தை ஐரோப்பியச் சட்டம் எப்படிக் கட்டுப்படுத்தும்? அதுவும் 1 மணி 50 நிமிடத்துக்கு! வவுச்சரை வாங்கிக்கொள்ளுங்கள்.

கடலோடி:
ஐயா, மன்னிக்கவும், இது தவறான ஆலோசனை. ஒன்றியத்துக்குள் இருக்கும் விமான நிலையத்திலிருந்து புறப்பட்டால் எந்த நாட்டு நிறுவனமானாலும் சட்டம் பொருந்தும். வெளியிலிருந்து உள்ளே வரும்போதுதான் ஐரோப்பிய நிறுவனமாக இருக்க வேண்டும். போகும் பயணத்துக்கு உண்டு. அதே நிறுவனத்தில் திரும்பிய பயணத்துக்கு இல்லை. ஒரே டிக்கெட்டில் எடுத்த இருவழிப் பயணமானாலும் இரண்டும் தனித்தனிதான். 2008இல் எமிரேட்ஸ் வழக்கில் அப்படித்தான் தீர்ப்பானது. மணிலாவிலிருந்து திரும்ப வேண்டிய ஜெர்மன் பயணி அந்த வழக்கில் தோற்றார்.
1 மணி 50 நிமிடம் முக்கியமில்லை. கடைசி ஊரில் எவ்வளவு பிந்தினீர்கள் என்பதே கணக்கு. பெர்லினிலிருந்து காசாபிளாங்கா வழியாக அகாதிர் போன பெண்ணின் வழக்கில், இணைப்பு விமானம் முழுக்க ஐரோப்பாவுக்கு வெளியே பறந்தாலும் ஒரே முன்பதிவு என்றால் மொத்தமும் ஒரே பயணம் என்று 2018இல் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் முன்பதிவு ஒன்றா என்று வண்ணத்துப்பூச்சி கேட்டார். அதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

பனைமரக்காடு:
இழப்பீடு வாங்கித் தருவதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. விவரத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள். பணம் வந்தால்தான் கமிஷன்.

சட்டப்பிரியன்:
ஒரு கடிதம் எழுதுவதற்குக் கமிஷனா? சொந்தப் பணத்தை அள்ளிக்கொடுக்கும் வேலை.

பனைமரக்காடு:
எல்லோருக்கும் பிரெஞ்சு மொழியில் கடிதம் எழுத வராது ஐயா. இரண்டு வேலை பார்க்கிறவர்கள் நீதிமன்றப் படிவத்தை எப்போது நிரப்புவது? மறுப்புக் கடிதம் வந்த அன்றே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். முழுதும் போவதைவிட ஒரு பங்கு போவது மேல்.

சட்டப்பிரியன்:
முதலில் நீங்களே கேளுங்கள், மறுத்தால் மட்டும் அவர்களிடம் போங்கள் என்கிறேன். விமான நிறுவனத்தின் இணையதளத்திலேயே படிவம் இருக்கும். அதில் கமிஷனுக்கு வேலை இல்லை.

தேம்ஸ்வாசி:
லண்டனிலும் இதே 600 யூரோதானா?

கடலோடி:
இல்லை. பிரிட்டன் விலகிய பிறகு அதே சட்டத்தைத் தன் சட்டமாக்கிக்கொண்டது. தொகை பவுண்டில், அதிகபட்சம் 520. இங்கிலாந்தில் 6 ஆண்டுகள்வரை வழக்குப் போடலாம், பிரான்சில் 5, ஜெர்மனியில் அந்த ஆண்டு முடிந்ததிலிருந்து 3. தனி இழையாகக் கேளுங்கள், இவருடைய வெள்ளிக்கிழமை நெருங்குகிறது.

வண்ணத்துப்பூச்சி:
ஆமாம், அந்தப் பொத்தான்! நிலாமுற்றம் அக்கா, தயவுசெய்து அழுத்தாதீர்கள். இழப்பீட்டைப் பணமாகத்தான் தர வேண்டும். பயணி எழுத்தில் சம்மதித்தால் மட்டுமே வவுச்சர். வெள்ளிக்கிழமை என்பது அவர்கள் வைத்த கெடு, சட்டத்தின் கெடு அன்று. ‘செயல்பாட்டுக் காரணங்கள்’ என்று எழுதித் தப்பவும் முடியாது. அசாதாரணச் சூழ்நிலை என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பு அவர்களுடையது. புயலோ, வான்வழிக் கட்டுப்பாட்டாளர் வேலைநிறுத்தமோ அன்று இருந்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.
அம்மாவுக்குச் சாப்பாடு தராமல் உட்கார வைத்ததுதான் எனக்கு ஆறவில்லை. உணவும், இரவு தங்க வேண்டியிருந்தால் ஹோட்டலும் அவர்கள் கடமை. புயலே அடித்தாலும் கடமைதான். அங்கே வாங்கிய உணவின் ரசீது இருந்தால் அந்தத் தொகையைத் தனியாகக் கேளுங்கள்.

நிலாமுற்றம்:
ஒரே முன்பதிவுதான். அழுத்தவில்லை. போர்டிங் பாஸ் தொலைந்துவிட்டது. மகளுக்கு 6 வயது, அவளுக்கும் உண்டா?

கடலோடி:
டிக்கெட்டுக்குப் பணம் கட்டியிருந்தால் மகளுக்கும் முழுத் தொகை. போர்டிங் பாஸ் இல்லை என்பதற்காக மட்டும் மறுக்க முடியாது. உறுதியான முன்பதிவு இருந்தால் போதும். முன்பதிவு எண், விமான எண்கள், சென்னையில் இறங்கிய நேரம், மூன்று பேர் பெயர், ‘261/2004, பிரிவு 7’, வங்கிக் கணக்கு எண். கடிதத்தில் இவ்வளவு போதும். நாற்காலிக் கதையை நீட்டி எழுத வேண்டாம்.

வண்ணத்துப்பூச்சி:
இரண்டு வரியாவது எழுதட்டும் கடலோடி. உணவு தராததும் கோரிக்கையில் அடக்கம்தானே.

ஓய்வுபெற்றவர்:
என் மைத்துனரின் விஷயம் 2021 கோடையில் நடந்தது. பிராங்பர்ட்டிலிருந்து கொழும்பு. அவர் இன்னும் கேட்கலாமா?

கடலோடி:
2021 என்றால் ஜெர்மனியில் 2024 டிசம்பர் 31வரைதான் ஐயா.

நிலாமுற்றம்:
பணம் தருவதாக எழுதிவிட்டார்கள். மூன்று பேருக்கும் 600 வீதம். திரும்பி வந்ததற்கு இல்லை. எல்லோருக்கும் நன்றி.

பனைமரக்காடு:
மகிழ்ச்சி! எத்தனை நாளில் பதில் வந்தது? உணவு ரசீதுக்கும் தந்தார்களா?