வி-கிராஸுக்கு 265/65 போடலாமா?

மலைக்காப்பி:
வண்டி இசுஸு வி-கிராஸ் பிக்கப், ஃபோர் வீல் டிரைவ். கம்பெனி டயர் 255/60 ஆர்18 (அகலம் 255 மி.மீ., பக்க உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 18 அங்குலம்), தேய்ந்துவிட்டது. இந்த முறை 265/65 ஆர்18 ஆல் டெரெய்ன் (தார் ரோடு, மண் பாதை இரண்டுக்குமான டயர்) போடலாம் என்று இருக்கிறேன். தாண்டிக்குடிப் பக்கம் தோட்டத்துக்குப் போகும் கடைசி ஒன்றரை கிலோமீட்டர் பாறையும் சேறும்தான். போன ஐப்பசியில் பின் டிஃபரென்ஷியல் (பின் அச்சின் நடுவில் இருக்கும் கியர் பெட்டி) கல்லில் உட்கார்ந்து, ஜாக்கி வைத்துத்தான் எடுத்தேன்.

லோடுவண்டி:
வேண்டாம் சார். இப்போதைய டயரின் விட்டம் 763 மி.மீ., நீங்கள் கேட்பது 802. அடியில் கிடைப்பது அந்த வித்தியாசத்தில் பாதி, 19 மி.மீ., ஒரு கட்டைவிரல் அகலம். அதற்காக 5 சதவீத இழுவையை விட்டுக்கொடுக்கிறீர்கள், பிரேக்குக்கும் அதே அளவு வேலை கூடும், டயரின் எடை வேறு. மூட்டை ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது இரண்டாவது கியர் பிடிக்கிற பிடி குறைந்தால் மிச்சத்தை பிரேக்தான் தாங்க வேண்டும். பிரேக் சூடேறி பெடல் மெத்தென்று உள்ளே போனதை ஒரு தடவை அனுபவித்தவன் நான்.

மலைக்காப்பி:
அண்ணா, அந்த 19 மி.மீ. எனக்குச் சின்னதில்லை. குனிந்து பார்த்தபோது டிஃபரென்ஷியலின் ஹவுசிங்கில், அதாவது வெளிக்கூட்டில், நகத்தால் கீறியது போலத்தான் இருந்தது, மயிரிழையில்தான் மாட்டியிருக்கிறது. சஸ்பென்ஷனை உயர்த்தினால் பாடிதான் மேலே போகும், ஹவுசிங் இருந்த இடத்திலேயே இருக்கும். அதைத் தூக்க டயரை விட்டால் வேறு வழியில்லை. இறக்கத்துக்கு லோ ரேஞ்ச் (ஃபோர் வீலில் மெதுவாகப் போகும் கியர்) இருக்கிறதே?

லோடுவண்டி:
தார் ரோட்டில் லோ ரேஞ்ச் போடவே போடாதீர்கள். முன் அச்சும் பின் அச்சும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் சென்டர் டிஃபரென்ஷியல் இந்த வண்டியில் கிடையாது, காய்ந்த ரோட்டில் ஹேர்பின் திருப்பினால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். ஹவுசிங் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வருஷத்தில் எத்தனை நாள் அந்தக் கல்மேல் போகிறீர்கள், எத்தனை நாள் லோடோடு இறங்குகிறீர்கள்? அதே அளவில் ஆல் டெரெய்ன் போட்டு, சேற்றுக்கு முன்னால் காற்றை 22 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்கள், பிடிப்பு கிடைக்கும். தார் வந்ததும் திரும்ப ஏற்றிவிட வேண்டும், அதற்கு ஒரு சின்ன கம்ப்ரெஸர் போதும். அந்தக் கல்லை ஆள் விட்டு உடைத்து எடுங்கள்.

ஓசூர்4x4:
நான் ஹைலக்ஸில் பெரிய டயர் போட்டு ஓட்டுகிறேன், போடாதே என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்தாக வாங்குங்கள். ஸ்டெப்னி பழைய அளவில் இருந்தால் பஞ்சரான அன்றைக்கு ஃபோர் வீல் போட முடியாது. மீட்டர் 100 காட்டும்போது 105 போய்க்கொண்டிருப்பீர்கள். லோடு இன்டெக்ஸ், அதாவது டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண், கம்பெனி டயருக்குக் குறையவே கூடாது, கடைக்காரர் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார். அப்புறம் வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு இருக்கிறது, முதலில் இன்ஷூரன்ஸுக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள்.

மலைக்காப்பி:
கல்லை உடைக்கலாம், அடுத்த மழைக்கு இன்னொன்று உருண்டு வரும். 265/60 போட்டால் 6 மி.மீ.தான் என்பதால் மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடையில் முன்பக்கம் ஒரே ஒரு 265/65 மாட்டி, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பார்க்கப்போகிறேன்.

லோடுவண்டி:
சமதளத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு உரசவில்லை என்று வந்துவிடாதீர்கள். அந்த வீலை ஒரு மேட்டில் ஏற்றி அமுக்கி வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் ஒடித்துப் பாருங்கள்.