கதைமாந்தரின் மனமாற்றத்தை 7-ஆம் வகுப்புக்கு எப்படிக் கற்பிப்பது?

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். கோத்தகிரி அருகே ஒரு நடுநிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். 7-ஆம் வகுப்பு மாணவர்கள் எழுதும் சிறுகதைகளில் கதைமாந்தர் கடைசிப் பத்தியில் திடீரெனத் திருந்திவிடுகிறார். பெரியவர் ஒருவர் அறிவுரை சொல்ல, ‘அன்று முதல் அவன் நல்லவனானான்’ என்று கதை முடிகிறது. இந்தப் பருவம் முழுவதும் இதே நிலைதான்.

அவன் எதை விரும்பினான், எதற்கு அஞ்சினான், முடிவில் என்னவானான் என்று அட்டவணை எழுத வைத்தேன். அட்டவணையில் இருந்தது கதைக்குள் வரவில்லை. அறிவுரை கூடாது என்றேன். அதன் இடத்தில் விபத்தோ கனவோ வந்தது.

ஒரு மாணவியின் கதை மட்டும் நம்பிக்கை தருகிறது. தாய் தேயிலைக் கொழுந்து பறிப்பவர் என்பதைத் தோழர்களிடம் மறைக்கும் சிறுவன், மாலையில் கொழுந்து எடை போடும் இடத்தைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். இறுதியில் அதே இடத்தில், அதே தோழர்கள் பார்க்க, தாயின் மூட்டையை இறக்கிவைக்கிறான். குணத்தை வருணிப்பதைவிட இக்கட்டில் ஒருவர் எடுக்கும் முடிவே மாற்றத்தைக் காட்டும் என்பதை அவள் தானாகவே கண்டடைந்திருக்கிறாள். ஆனால், இடையில் அவன் தயங்கியதும் சறுக்கியதும் எதையாவது இழந்ததும் கதையில் இல்லை. கேட்டால், “மனசு மாறிடுச்சு, சார்” என்கிறாள்.

40 நிமிட வகுப்பில் இந்த நடுப்பகுதியை மாணவர்களே எழுதிப் பழக, உங்கள் வகுப்பில் பலன் தந்த பயிற்சி எது?